கொம்பையாவின் ஐந்தாவது வரைவு

எங்கள் சிறையில் ஒரு மனு இருந்தது. யார் எழுதினது என்று யாருக்கும் தெரியாது. நான் உள்ளே வருவதற்கு முன்பிருந்தே அது பிளாக் பிளாக்காகச் சுற்றிக்கொண்டிருந்தது. முன்விடுதலை கேட்டு எழுதுகிறவன் எல்லாம் அதைப் பார்த்துத்தான் எழுதுவான். "ஒரு நிமிட ஆத்திரத்தில் அறியாமல் செய்த குற்றத்திற்காக" என்று ஆரம்பிக்கும். "வயது முதிர்ந்த என் தாயாரையும் இரண்டு பெண் குழந்தைகளையும் கவனிக்க வேறு யாரும் இல்லை" என்று நடுவில் வரும். "கருணை கூர்ந்து" என்று முடியும். பேரையும் கைதி எண்ணையும் மாற்றினால் போதும், வேலை முடிந்தது.

நானும் அதைப் பார்த்துத்தான் எழுதினேன். எனக்குக் கல்யாணமே ஆகவில்லை. அந்த இரண்டு பெண் குழந்தைகளையும் அப்படியே எழுதி அனுப்பிவிட்டேன். விசாரிக்க வந்த அதிகாரி எங்கள் ஊருக்குப் போய், பிள்ளைகள் எங்கே என்று கேட்டிருக்கிறார். எங்க அக்கா பதறிப் போய்விட்டாள். எவ அவ, எந்த ஊர்க்காரி என்று கேட்டு எனக்கு மூன்று பக்கம் லெட்டர் போட்டாள். என் பேர் தாவீது. ஆனால் அன்றையிலிருந்து பிளாக்கில் என்னை 'ரெண்டு பிள்ளை' என்றுதான் கூப்பிடுகிறார்கள். சிரிக்கிறவன் சிரிக்கட்டும்.

கடைசியில் விடுதலையை முடிவு செய்கிற குழுவுக்கே அலுத்துப்போய்விட்டது போல. புதுசா வந்த கண்காணிப்பாளர் எல்லாரையும் நிற்க வைத்து ஒரு உத்தரவு போட்டார். இனி மனுவோடு ஒரு கட்டுரையும் சேர்த்து அனுப்ப வேண்டும். 'நான் செய்த குற்றம்' என்பதுதான் பொருள். அவனவன் சொந்தமாக எழுத வேண்டும், இரண்டு பக்கம். எழுத வராதவர்களுக்கு வகுப்பு நடக்கும் என்றார்.

செவ்வாயும் வெள்ளியும் காலையில் பத்து மணிக்கு, நூலக அறையில் வகுப்பு. வந்த டீச்சருக்கு இருபத்தெட்டு வயதுகூட இருக்காது. பேர் பல்கீஸ். ஒல்லியான உடம்பு, தணிந்த குரல். வாசலில் வார்டர் நின்றுகொண்டிருப்பார். எதிரே உட்கார்ந்திருக்கிற பதினேழு பேரும் கொலைக் கேஸ். இந்தப் பிள்ளை நமக்கு என்னத்தைச் சொல்லித்தரப் போகுது என்றுதான் நினைத்தேன்.

முதல் நாள் கரும்பலகையில் நாலு வார்த்தை எழுதினார். தலைப்பு, முன்னுரை, பொருளுரை, முடிவுரை. இதெல்லாம் பள்ளிக்கூடத்தில் கேட்டதுதான். அதற்குக் கீழே ஐந்தாவதாக 'வரைவு' என்று எழுதினார். அது எங்களில் யாருக்கும் தெரியவில்லை. முதலில் எழுதுவது எல்லாமே வரைவுதான், அதை யாரும் பார்க்கப் போவதில்லை, அடிக்கலாம், கிழிக்கலாம், மறுபடி எழுதலாம், எல்லாம் சரியான பிறகு எழுதுகிற செம்மைப்படி மட்டும்தான் வெளியே போகும் என்றார்.

வாயை வைத்துக்கொண்டு சும்மா இருக்க எனக்கு வராது. எத்தனை அடி வேணும்னாலும் அடிக்கலாம்னா இங்க எல்லாருக்கும் அது கைவந்த கலை டீச்சர் என்றேன். வார்டர் சிரித்தார். டீச்சர் சிரிக்கவும் இல்லை, கோபப்படவும் இல்லை. ஆளுக்கு ஒரு பென்சில் கொடுத்தார்.

என் பக்கத்தில் கொம்பையா அண்ணாச்சி உட்கார்ந்திருந்தார். ஐம்பத்து நாலு வயது, நெடுநெடு என்று உயரம். சிறைத் தறியில் வேலை. அவர் வாயிலிருந்து ஒரு வார்த்தை பிடுங்குவதற்குள் நமக்குப் போதும் போதும் என்றாகிவிடும். சொந்தத் தம்பியைக் கொன்ற கேஸ். அண்ணன் தம்பி இரண்டு பேருக்கும் ஒரே கிணறு. ஒருநாள் விட்டு ஒருநாள் ஆளுக்கு ஒரு முறை தண்ணீர் பாய்ச்ச வேண்டும். முறைத் தகராறில் கைகலப்பாகி, மண்வெட்டி பட்டு, தம்பி சீனிராஜ் அந்த இடத்திலேயே போய்விட்டான். கோர்ட்டில் சொன்னது அது. எங்களுக்குத் தெரிந்ததும் அதுதான். பதினாலு வருஷம் ஆகிவிட்டது.

அண்ணாச்சியின் சம்சாரம் அதற்கு முன்னாலேயே இறந்துவிட்டார். பிள்ளை குட்டி இல்லை. தம்பிக்குக் கல்யாணம் ஆகவில்லை. ஊரில் இருப்பது அவங்க அம்மா ஆவுடைத்தாய் மட்டும்தான். எழுபத்தெட்டு வயது. வருஷத்துக்கு மூன்று தடவை இரண்டு பஸ் மாறி மகனைப் பார்க்க வந்துவிடுவார். கம்பிக்கு அந்தப் பக்கம் நின்றுகொண்டு, சாப்பிட்டியா, இருமல் நின்னுச்சா என்று கேட்பார். வேறு பேச்சு கிடையாது.

அண்ணாச்சி ஏற்கெனவே இரண்டு தடவை மனுப் போட்டிருந்தார். கொலையானவன் குடும்பத்தை அதிகாரி நேரில் பார்த்துச் சம்மதம் கேட்க வேண்டும் என்பது விதி. இவர் கேஸில் கொலையானவன் குடும்பமும் அந்த அம்மாதான். இரண்டு தடவையும் அந்த அம்மா ஒரே பதிலைத்தான் சொல்லியிருக்கிறார்.

"வரட்டும்யா. ரெண்டுல ஒண்ணாவது வீட்டுல இருக்கட்டும்."

ஆனாலும் குழு தள்ளிவிட்டது. மனுதாரர் குற்றத்தை உணர்ந்ததாகத் தெரியவில்லை என்று எழுதிவிட்டார்கள். எழுதாமல் என்ன செய்வார்கள்? பார்த்து எழுதின மனுவில் ஆளுக்குத் தகுந்த மாதிரி உணர்ச்சி எங்கிருந்து வரும்? இந்தத் தடவை எப்படியாவது எழுதிவிட வேண்டும், அம்மா கண் மூடுவதற்குள் வீட்டுக்குப் போய் அவளுக்கு ஒரு வாய்க் கஞ்சி காய்ச்சிக் கொடுக்க வேண்டும் என்று என்னிடம் சொன்னார். அதுக்குத்தான் அந்த மனுஷன் பென்சிலையே பிடித்தார்.

முதல் வரைவைக் கொண்டுபோய்க் கொடுத்தார். ஒரு பக்கம் முழுக்க முன்னுரை. மனிதராய்ப் பிறந்த ஒவ்வொருவரும் பொறுமை என்னும் அணிகலனைப் பூண வேண்டும் என்று ஆரம்பித்திருந்தார். எட்டாம் வகுப்பில் மனப்பாடம் செய்தது. நாற்பது வருஷமாகியும் ஒரு எழுத்து மாறவில்லை. அதற்குக் கீழே, சுற்றிவருகிற மனுவிலிருந்து ஏழெட்டு வரி.

டீச்சர் தாளை வாங்கி, முன்னுரை முடிகிற இடத்தில் பின்பக்கமாக மடித்தார். மடித்த தாளை அவரிடமே நீட்டினார்.

"இப்ப வாசிங்க அண்ணாச்சி."

வாசித்தார்.

"ஏதாவது குறையுதா?"

அண்ணாச்சி யோசித்துவிட்டு, ஒண்ணும் குறையலை டீச்சர் என்றார். அப்படியானால் முன்னுரையைக் கடைசியில் எழுதிக்கொள்ளலாம், என்ன சொல்லப் போகிறோம் என்று தெரிந்த பிறகுதானே அதை ஆரம்பித்து வைக்க முடியும் என்றார் டீச்சர். ஒரு பக்கம் கைவலிக்க எழுதினது போச்சு. அண்ணாச்சிக்கு முகம் செத்துவிட்டது. ஆனாலும் திரும்பி வந்து உட்கார்ந்தார்.

அடுத்த வாரம் குறிப்புச் சட்டகம். எழுதுவதற்கு முன்னால் எதுக்குப் பிறகு எது என்று ஒரு துண்டுத் தாளில் குறித்துக்கொள்ள வேண்டுமாம். அண்ணாச்சி நாலு வார்த்தை குறித்தார். காலை. கிணறு. சண்டை. பிறகு. அதை வைத்து இரண்டாவது வரைவு எழுதினார். சொந்தமாக வராத இடத்தில் எல்லாம் அந்த மனுதான் கை கொடுத்தது. தம்பி என்ற வார்த்தை எங்குமே வரவில்லை. குழந்தைகளை மட்டும் என் கதையைக் கேட்டு விட்டுவிட்டார்.

டீச்சர் வாசித்துக்கொண்டே வந்து ஒரு வரியில் நின்றார். 'வயது முதிர்ந்த என் தாயாரைக் கவனிக்க வேறு யாரும் இல்லை.' அதன் ஓரத்தில் பென்சிலால் 'ஏன்?' என்று எழுதிக் கொடுத்துவிட்டார்.

இது என்னது என்று அண்ணாச்சி கேட்டார். டீச்சர் எல்லாருக்கும் சேர்த்துத்தான் பதில் சொன்னார். நாம் ஒன்றைச் சொன்னால் வாசிக்கிறவர்கள் ஏன் என்று கேட்பார்கள், அடுத்த வரியில் அதற்குப் பதில் இருக்க வேண்டும், அப்படிக் கேள்வியும் பதிலுமாகப் போவதுதான் பத்தி, அது இல்லாமல் வரி வரியாக அடுக்கினால் பத்தி ஆகாது என்றார்.

அண்ணாச்சி அந்த வரியைப் பார்த்தார். ஓரத்தில் இருந்த வார்த்தையைப் பார்த்தார். தாளை மடித்துச் சட்டைப் பைக்குள் வைத்துக்கொண்டு எழுந்து போய்விட்டார்.

வெள்ளிக்கிழமை வரவில்லை. செவ்வாய்க்கிழமையும் வரவில்லை. தறியில் உட்கார்ந்து நூலையே பார்த்துக்கொண்டிருக்கிறார், சோறு அப்படியே இருக்கிறது என்று சொன்னார்கள். எனக்குத் தாங்கவில்லை. அடுத்த வெள்ளி நேராக டீச்சரிடம் போய்க் கேட்டுவிட்டேன். உங்களுக்கு வேற வரியே கிடைக்கலையா, தம்பியைக் கொன்னவர்ட்ட போய் வேற ஆள் ஏன் இல்லன்னா கேட்பாங்க என்று.

டீச்சருக்கு ஒன்றும் புரியவில்லை. பிறகு புரிந்தது. முகம் வெளிறிவிட்டது.

"எனக்குத் தெரியாதுண்ணே. நான் யார் கேஸையும் கேட்டுக்கிட்டு வரல."

எனக்கு ஒரு மாதிரி ஆகிவிட்டது. அந்தப் பிள்ளை சாதாரணமாக, கட்டுரைக்காகத்தான் கேட்டிருக்கிறது. அவர் வந்தால் அந்தக் கேள்வியை அழித்துவிடுகிறேன் என்று டீச்சர் சொன்னார். சொன்னபடி அடுத்த செவ்வாய் அண்ணாச்சி வாசலில் தெரிந்ததும் பையிலிருந்து ரப்பரை எடுத்துக் கையில் வைத்துக்கொண்டார்.

அண்ணாச்சி மூன்றாவது வரைவை நீட்டினார். அந்த வரி அப்படியே இருந்தது. அதற்கு அடுத்து ஒரு வரி புதுசாக இருந்தது. 'ஏனென்றால் இருந்த ஒருவனை நான் கொன்றுவிட்டேன்.'

டீச்சர் ரப்பரைத் திரும்பப் பைக்குள் வைத்துவிட்டார். 

பதினாலு வருஷத்தில் 'கொன்றேன்' என்று அவர் சொல்லி நான் கேட்டதில்லை. பட்டுருச்சு என்பார். போயிட்டான் என்பார். நாங்கள் எல்லாருமே அப்படித்தான் பேசுவோம். உள்ளே இருக்கிற யாரைக் கேட்டாலும் அவன் ஒன்றும் செய்திருக்க மாட்டான், எல்லாம் தானாக நடந்திருக்கும்.

நாலாவது வரைவுக்குச் சான்று. நீங்கள் மட்டும் பார்த்தது, மற்றவர்கள் யாரும் எழுத முடியாதது எதுவோ அதுதான் உங்கள் கட்டுரைக்குச் சான்று என்று டீச்சர் சொல்லிக்கொடுத்தார். அண்ணாச்சி கிணற்றை எழுதியிருந்தார். வாய்க்காலை எழுதியிருந்தார். மிளகாய்ச் செடி வாடிக்கிடந்ததை எழுதியிருந்தார். சண்டை என்று வந்த இடத்தில் மட்டும் 'ஒரு நிமிட ஆத்திரத்தில்' என்று அந்தப் பழைய மனு வந்து உட்கார்ந்துகொண்டது.

டீச்சர் அதைச் சுட்டிக்காட்டி, ஒரு நிமிஷம்தானா என்று கேட்டார். கேட்ட விதத்தில் குத்தல் எதுவும் இல்லை. ஒரு நிமிஷம்தான் என்றால் அந்த ஒரு நிமிஷத்தில் என்னென்ன நடந்தது என்று எழுதலாமே என்று சொல்லத்தான் கேட்டார் என்று நினைக்கிறேன். 

டீச்சர் கையில் கட்டியிருந்த வாட்சைக் கழற்றி அவர் முன்னால் மேஜையில் வைத்தார்.

"ஆரம்பத்துல இருந்து மனசுக்குள்ள ஓட்டிப் பாருங்க அண்ணாச்சி. முடிஞ்சதும் சொல்லுங்க. எவ்வளவு நேரம்னு பார்த்துக்கலாம்."

அப்போது பத்து இருபது. அண்ணாச்சி வாட்சையே பார்த்தபடி உட்கார்ந்தார். எங்களை எங்கள் கட்டுரையை எழுதச் சொல்லிவிட்டு டீச்சர் ஜன்னல் பக்கம் போய் நின்றார். ஒரு நிமிஷம் போனது. நான் நிமிர்ந்து பார்த்தேன். அஞ்சு நிமிஷம் போனது. மனுஷன் தூங்கிவிட்டாரோ என்றுகூட நினைத்தேன், ஆனால் கண் திறந்துதான் இருந்தது. அரை மணி நேரம் ஆனபோது அறையில் ஒருத்தனும் எழுதவில்லை. எல்லாரும் அவரையே பார்த்துக்கொண்டிருந்தோம். டீச்சர் இரண்டு தடவை பக்கத்தில் வந்து பார்த்துவிட்டுத் திரும்பிப் போனார்.

பதினொன்றரைக்கு மணி அடித்தது. வார்டர் வந்து நேரம் முடிந்துவிட்டது என்றார். டீச்சர் கிளம்ப வேண்டும். வாட்சை எடுக்கக் கை நீட்டினார்.

"இன்னும் முடியல டீச்சர்" என்றார் அண்ணாச்சி.

வாட்சை அவரே எடுத்து டீச்சர் கையில் கொடுத்தார். 

ஐந்தாவது வரைவை அவர் மூன்று வாரம் எழுதினார். எழுதி முடித்துவிட்டு என்னிடம்தான் முதலில் கொடுத்தார். எனக்கு எழுத்துப்பிழை பார்க்க வரும். பிழை இருந்தால் மட்டும் சொல்லு தாவீது, வேறு எதுவும் கேட்காதே என்றார். ஆகவே வேறு எதுவும் நான் கேட்கவில்லை. அதில் இருந்ததில் கொஞ்சம் இப்போதும் எனக்கு மனப்பாடமாக இருக்கிறது.

'கரண்ட் பதினொரு மணிக்குப் போய்விடும். அன்று முறை என்னுடையது. சீனி என் வாய்க்காலை அடைத்து அவன் பக்கம் தண்ணீரைத் திருப்பியிருந்தான். நான் மண்வெட்டியைத் திருப்பிப் பிடித்து அடித்தேன். ஒரு அடிதான். அவன் சாகவில்லை. தலையைப் பிடித்துக்கொண்டு வரப்பில் உட்கார்ந்தான். அண்ணே, அம்மாகிட்ட சொல்லிராத என்றான். சின்ன வயதில் மரத்திலிருந்து விழுந்தால் அப்படித்தான் சொல்லுவான். நான் பதில் பேசவில்லை. ஆறு பாத்தி பாக்கி இருந்தது. கரண்ட் போவதற்குள் பாய்ச்சிவிட வேண்டும் என்று தண்ணீரைத் திருப்பிவிட்டுப் போனேன். இரண்டு தடவை திரும்பிப் பார்த்தேன். முதல் தடவை உட்கார்ந்திருந்தான். அடுத்த தடவை படுத்திருந்தான். நடிக்கிறான் என்று நினைத்தேன். மோட்டார் நின்ற பிறகுதான் பக்கத்தில் போனேன். அப்போதுதான் மூச்சு அடங்கியது. அடித்த உடனே செத்துவிட்டான் என்று கோர்ட்டில் சொன்னது பொய். ஒரு மணி நேரத்துக்கு மேல் உயிரோடு இருந்தான். வீடு கூப்பிடு தூரத்தில்தான் இருந்தது. அம்மா வீட்டில் இருந்தாள்.'

நான் நாலு எழுத்துப்பிழையைக் காட்டினேன். அவர் திருத்திக்கொண்டார். 

சிறையில் நல அலுவலர் என்று ஒருத்தர் உண்டு. நல்ல மனுஷர். கட்டுரைகள் எல்லாம் அவர் பார்த்துத்தான் மேலே போகும். அவர் அண்ணாச்சியைக் கூப்பிட்டு உட்கார வைத்துப் பேசினார். ஒரு மணி நேரம் பார்த்துக்கொண்டே இருந்தேன் என்று நீரே எழுதினால் குழுவில் உள்ளவர்கள் என்ன நினைப்பார்கள், இதுவரை யாருக்கும் தெரியாததை ஏன் கிளறுகிறீர், உங்க அம்மா இந்த வயதில் இதைக் கேட்க வேண்டுமா, கைகலப்பு என்றே எழுதிக் கொடும் என்று சொல்லிவிட்டார். அவர் சொன்னதில் நியாயம் இல்லை என்று என்னால் சொல்ல முடியாது.

அண்ணாச்சி அதை அப்படியே டீச்சரிடம் போய்ச் சொன்னார். டீச்சர் ஐந்தாவது வரைவை முழுசாக வாசித்தார். பிறகு தாளை அவர் கையில் திருப்பிக் கொடுத்தார்.

"இது வரைவுதான் அண்ணாச்சி. வேண்டாம்னா கிழிச்சிரலாம். நான் வாசிச்சதை மறந்துருவேன்."

அண்ணாச்சி கிழிக்கவில்லை.

"செம்மைப்படி எழுதுனா அதை அம்மாவுக்கும் கொடுப்பாங்களா?" என்று கேட்டார்.

"கேட்டா கொடுப்பாங்க."

"அம்மா அஞ்சாப்பு வரை படிச்சிருக்கா. எழுத்துக்கூட்டி வாசிச்சிருவா."

டீச்சர் இரண்டு வெள்ளைத் தாளை எடுத்துக் கொடுத்தார். முடிவுரை எப்படி எழுத வேண்டும் என்று அண்ணாச்சி கேட்டார். கருணை கூர்ந்து என்று போடவா, நன்றி என்று போடவா என்று அவருக்குக் குழப்பம். சொல்ல வந்தது முடிந்துவிட்டதா என்று டீச்சர் கேட்டார். முடிந்துவிட்டது என்றார் இவர். அப்படியானால் பேனாவை மூடி வைத்துவிடுங்கள் என்றார் டீச்சர். ஆகவே அந்தக் கட்டுரை 'அம்மா வீட்டில் இருந்தாள்' என்ற வரியோடேயே நின்றது. முன்னுரையும் எழுதவில்லை. கடைசியில் எழுதலாம் என்று சொல்லியிருந்ததை இரண்டு பேருமே மறந்துவிட்டார்கள்.

கட்டுரை போய் நாலு மாதம் ஒரு தகவலும் இல்லை. பொங்கலுக்கு ஆவுடைத்தாய் அம்மா வந்திருக்க வேண்டும். வரவில்லை. அண்ணாச்சி பார்வையாளர் கூப்பிடுகிற நேரத்துக்கு எல்லாம் சட்டையை நீவிவிட்டுக்கொண்டு நின்றார். குளிராக இருக்கும், பஸ் ஏறியிருக்க மாட்டா என்று அவரே சொல்லிக்கொண்டார். நானும் ஆமாம் ஆமாம் என்றேன்.

ஒரு வெள்ளிக்கிழமை, வகுப்பு நடந்துகொண்டிருந்தபோது நல அலுவலர் உள்ளே வந்தார். கையில் கவர். முகம் முழுக்கச் சிரிப்பு. நான் நினைச்சது தப்பு கொம்பையா, உமக்கு விடுதலை என்றார். குற்றத்தை முழுமையாக உணர்ந்திருக்கிறார் என்று குழு எழுதியிருந்தது. அறையே எழுந்து நின்றது. நான் அண்ணாச்சியைக் கட்டிப்பிடித்துக்கொண்டேன். வார்டர்கூட வந்து கை கொடுத்தார். டீச்சர் கண்ணைத் துடைத்துக்கொண்டார்.

அண்ணாச்சி மட்டும், அம்மா என்ன சொன்னா என்று கேட்டார்.

அதிகாரியின் அறிக்கை உத்தரவுக்கு அடியில் இருந்தது. நல அலுவலர் அதை இன்னும் புரட்டவில்லை போல. அண்ணாச்சியே வாங்கி வாசித்தார். நான் அவர் தோளுக்குப் பின்னாலிருந்து வாசித்தேன். அதில் இப்படி இருந்தது: மனுதாரரின் தாயார் கட்டுரையை வாசித்துக் காட்ட வேண்டாம் என்று சொல்லிக் கையில் வாங்கிக்கொண்டார். இரண்டு நாள் கழித்து வரச் சொன்னார். இரண்டு நாள் கழித்துப் போனபோது, நான் வீட்லதான இருந்தேன், நான் வீட்லதான இருந்தேன் என்று பலமுறை சொன்னார். மகனை விடுதலை செய்வதில் தமக்கு ஆட்சேபணை இல்லை என்றும், ஆனால் அவர் தம் வீட்டுக்கு வர வேண்டாம் என்றும், சிறைக்கு இனித் தாம் வரப்போவதில்லை என்றும் தெரிவித்துக் கையெழுத்திட்டார். வெளியே வந்தால் தங்குவதற்குப் பக்கத்து ஜில்லாவில் ஒரு இல்லத்தில் ஏற்பாடு செய்யலாம் என்று அதிகாரி பரிந்துரை எழுதியிருந்தார்.

கையெழுத்து ஆவுடைத்தாய் என்று முழுசாக, ஒவ்வொரு எழுத்தும் தனித்தனியாக இருந்தது.

அண்ணாச்சி அந்தக் கையெழுத்தைத்தான் பார்த்துக்கொண்டிருந்தார். எனக்கு வந்த ஆத்திரம் கொஞ்ச நஞ்சமில்லை. யார்மேல் என்று தெரியவில்லை. அந்தப் பழைய மனுவையே மூன்றாவது தடவையும் எழுதிப்போட்டிருக்கலாம், தள்ளினால் தள்ளட்டும், வருஷத்துக்கு மூன்று தடவை சாப்பிட்டியா என்று கேட்க அந்தக் கிழவியாவது வந்துகொண்டிருந்திருப்பாள் என்று தோன்றியது. அதை டீச்சரிடம் சொல்லத்தான் வாயைத் திறந்தேன். டீச்சர் முகத்தைப் பார்த்ததும் சொல்லவில்லை. டீச்சர் அறிக்கையை வாங்கி முழுசாக வாசித்துவிட்டு, அதைப் பிடித்தபடி நின்றுகொண்டிருந்தார்.

நல அலுவலர் மெதுவாக வெளியே போய்விட்டார்.

"டீச்சர்" என்றார் அண்ணாச்சி. வகுப்பில் சந்தேகம் கேட்கிற குரல்தான். "நான் எழுதுனதுல எங்கயாவது தப்பு இருக்கா?"

டீச்சர் அறிக்கையை மடித்து அவர் கையில் வைத்தார். பெஞ்சில் அவருக்குப் பக்கத்தில், நாங்கள் உட்காருகிற இடத்தில் உட்கார்ந்தார்.

"இல்ல அண்ணாச்சி. நீங்க சரியாத்தான் எழுதியிருக்கீங்க" என்றார். "அம்மாவும் சரியாத்தான் வாசிச்சிருக்காங்க."